கிளிநொச்சியில் ஓர் ஒப்பளவீடு: அண்ணளவு அயல் தேடலை எமது தரவில் அளந்த அனுபவம்

ஒன்றுக்கு மிக நெருக்கமானவற்றை, எல்லாவற்றோடும் ஒப்பிடாமல் விரைவாகக் கண்டுபிடிக்க முயலும் அண்ணளவு அண்மை அயல் தேடல் அல்கோரிதங்களுள் எது சிறந்தது என்று கேட்பவரிடம், எந்தத் தரவில், யாருடைய கேள்விகளுக்கு, எந்தக் கணினியில் என்ற மூன்றையும் திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல இயலாது. இதை முன்னரே வாசித்து அறிந்திருந்தோம். ஆயினும் கமக்காரரின் கேள்விகளுக்கு விவசாயக் கையேடுகளிலிருந்து பொருத்தமான பத்திகளைத் தேடித் தரும் சிறு சேவை ஒன்றைக் கிளிநொச்சியில் அமைக்க முற்பட்டபோதுதான், அந்த மூன்று கேள்விகளும் எவ்வளவு வேலையை வாங்கக்கூடியவை என்பது விளங்கியது. அதே போன்ற வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்குப் பயன்படலாம் என்பதற்காக, அளந்த முறையையும் அதனால் எடுத்த முடிவுகளையும் இங்கே எழுதுகிறேன்.

எம்மிடம் இருந்தவை நெல், மிளகாய், உழுந்து, நிலக்கடலை முதலிய பயிர்கள் பற்றிய தமிழ்க் கையேடுகளும் துண்டுப்பிரசுரங்களும். அவற்றைப் பத்திகளாகப் பிரித்தபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பத்திகள் கிடைத்தன. ஒவ்வொரு பத்தியையும், தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பயிற்றப்பட்ட லாப்ஸே என்னும் மொழி மாதிரியால் 768 எண்களைக் கொண்ட ஒரு காவியாக, அதாவது வெக்டராக, மாற்றினோம். கேள்வியும் அவ்வாறே காவியாகும். அதற்கு மிக அண்மையிலுள்ள பத்துக் காவிகளைக் கண்டுபிடிப்பதே தேடல். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு காவிக்கு 3,072 பைட். இரண்டு இலட்சத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 614 மெகாபைட். ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவையும் முதலிலிருந்து முடிவுவரை வாசித்து ஒப்பிட்டால் விடை பிழைக்காது. செக்கனுக்கு 20 கிகாபைட் வாசிக்கக்கூடிய நினைவகத்தில் அதற்கு 30 மில்லிசெக்கன் அளவில் எடுக்கும். இந்த 30 மில்லிசெக்கனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கணக்கிடாமல் நேரே அண்ணளவு முறைக்குத் தாவுபவர்கள் பலர்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு. ஸ்பொட்டிஃபையில் எரிக் பெர்ன்ஹார்ட்சன் உருவாக்கிய, மரங்களை அடிப்படையாகக் கொண்ட அனோய். யூரி மல்கோவும் டிமித்ரி யாஷுனினும் 2016இல் வெளியிட்ட எச்.என்.எஸ்.டபிள்யூ என்னும் அடுக்கு வலையமைப்பு முறை. பேஸ்புக்கின் ஆய்வுக்குழு 2017இல் வெளியிட்ட ஃபைஸ் என்னும் நிரல் நூலகத்திலுள்ள, காவிகளைக் கொத்துகளாகப் பிரித்துக் கேள்விக்குக் கிட்டிய சில கொத்துகளில் மட்டும் தேடும் ஐ.வி.எஃப் முறை; அக்கொத்து முறையுடன் காவிகளைச் சுருக்கி வைக்கும் பி.க்யூ சேர்ந்தது. கூகிளின் ஸ்கானையும் மைக்ரோசொப்டின் டிஸ்க்-ஏ.என்.என்னையும் தொடவில்லை. இரண்டாவது, நினைவகத்தில் அடங்காத தரவைத் திண்மநிலை வட்டில் வைத்துத் தேடுவதற்கென 2019இல் வந்தது. 614 மெகாபைட்டுக்கு அது தேவையில்லை. கிராபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரண மேசைக் கணினி ஒன்றில்தான் சேவை இயங்கப் போகிறது என்பதும் தெரிவைச் சுருக்கியது.

எச்.என்.எஸ்.டபிள்யூ எவ்வாறு இயங்குகிறது என்று குழுவிலுள்ள இளையவர்களுக்கு விளக்கும்போது, கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டுக்குப் போவதைச் சொல்வேன்: ஏ-9 வீதியில் மாங்குளம் வரை வந்து, முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, அதன்பின் ஒழுங்கைகளுக்குள் நுழைகிறோம். மேலடுக்கில் காவிகள் சில, இணைப்புகள் நீளமானவை. கீழடுக்கில் எல்லாக் காவிகளும் உள்ளன, இணைப்புகள் குறுகியவை. அடியடுக்கில் எத்தனை வேட்பாளர்களை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு தேடுவது என்பதை ஈ.எஃப் என்னும் அளவுரு தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் விடை திருந்தும், நேரமும் கூடும்.

இத்துறையில் எல்லோரும் முதலில் திறந்து பார்ப்பது பெர்ன்ஹார்ட்சன், மார்ட்டின் ஔமுல்லர், அலெக்சாண்டர் ஃபெய்த்ஃபுல் ஆகியோரின் ஏ.என்.என்-பெஞ்ச்மார்க்ஸ் என்னும் பொது ஒப்பளவீட்டைத்தான். ஒவ்வோர் அல்கோரிதத்தையும் தனித்தனி டொக்கர் கொள்கலனுக்குள் வைத்து, வழக்கமான முறையில் ஒரே இழையில், அதாவது செயலியின் ஒரே கோரை மட்டும் பயன்படுத்தி, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அளப்பது அதன் ஒழுங்கு. கிடை அச்சில் ரீகோல், அதாவது உண்மையான பத்து அயல்களுள் எத்தனை பங்கு பிடிபட்டது என்பது. நிலை அச்சில் செக்கனுக்கு எத்தனை கேள்விகள் என்பது. இந்த வடிவம்தான் அதன் பெரிய கொடை என்று கருதுகிறேன், தரவரிசை அன்று. ஓர் அல்கோரிதத்துக்கு ஒரு புள்ளி கிடையாது. ஒரு வளைகோடு உண்டு. “இது அதைவிட ஐந்து மடங்கு வேகம்” என்று எவராவது சொன்னால், எந்த ரீகோலில் என்று கேட்காமல் அந்தப் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை.

ஆனால் அந்த வளைகோடுகள் வேறு தரவுக்கு உரியவை. அங்கே பெரிதும் எடுத்தாளப்படும் சிஃப்ட் தொகுப்பில் படங்களிலிருந்து எடுத்த 128 பரிமாணக் காவிகள் 10 இலட்சம் உள்ளன. குளோவ் தொகுப்பில் சொற்களுக்கான 100 பரிமாணக் காவிகள் 11,83,514 உள்ளன. குளோவின் பரிமாணம் குறைவு. ஆயினும் சிஃப்ட்டில் இலகுவாக உயர்ந்த ரீகோலை எட்டும் அளவுருக்கள் குளோவில் அவ்வாறு எட்டுவதில்லை. காவிகள் எவ்வாறு பரவியிருக்கின்றன என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது. பரிமாண எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. நினைவகக் கணக்கும் இடம் மாறினால் மாறும். எச்.என்.எஸ்.டபிள்யூ நினைவகத்தை விழுங்கும் என்ற பேச்சு பரவலானது. ஒரு காவிக்கு அடியடுக்கில் 32 இணைப்புகள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால், 128 பைட். 512 பைட் அளவுள்ள சிஃப்ட் காவிக்கு அது கால்வாசி மேலதிகச் சுமை. 3,072 பைட் அளவுள்ள எமது காவிக்கு ஏறத்தாழ நான்கு சதவீதம் மட்டுமே. ஆகவே அந்த எச்சரிக்கை எமக்குப் பொருந்தவில்லை.

அளவீட்டில் அதிக உழைப்பைக் கேட்டது கேள்விகளைத் திரட்டுவதே. கையேட்டுப் பத்திகளுள் சிலவற்றை எழுமாற்றாக எடுத்து அவற்றையே கேள்விகளாகப் பயன்படுத்துவது பலரும் செய்யும் குறுக்குவழி. அதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. முதலாவது வெளிப்படையானது: அந்தப் பத்தி இண்டெக்ஸுக்குள்ளேயே, அதாவது தேடுவதற்கென ஒழுங்குபடுத்திய காவிகளுக்குள்ளேயே, இருப்பதால் அதற்கு மிக அண்மையிலுள்ளது அதுவே, ஒன்று எப்போதும் கைக்கு வந்துவிடும். பத்தியை இண்டெக்ஸிலிருந்து நீக்கினாலும் இரண்டாவது கோளாறு நீங்காது. அதன் காவி மற்றப் பத்திகளின் நடுவே, அதே அடர்த்தியில், அதே சாயலில் அமர்ந்திருக்கும். வலையமைப்பு அத்தகைய காவிகளைக் கொண்டே கட்டப்பட்டது. எனவே அங்கே வழி தவறுவது அரிது. ஒரு கமக்காரர் கேட்பதோ “வயலுக்க வெள்ளம் நிண்டு நாத்து அழுகுது, என்ன செய்யிறது” என்பது போன்ற பேச்சுத் தமிழ். அது காவியாகி விழும் இடம் “நெற்செய்கையில் நீர் முகாமைத்துவம்” என்று தொடங்கும் பத்திகளின் கூட்டத்துக்கு வெளியே இருக்கும். கேள்விகளின் பரவலும் தரவின் பரவலும் வேறுபடும் இந்த நிலை பொதுவானதே. நியூரிப்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டையொட்டி 2023இல் நடந்த பெருந்தரவு அயல் தேடல் போட்டியில் இதற்கெனத் தனிப்பிரிவு ஒன்று இருந்தது. அதில் இண்டெக்ஸிலிருந்தவை படங்களின் காவிகள், கேள்விகள் எழுத்துகளின் காவிகள்.

ஆகவே இரண்டு கேள்வித் தொகுப்புகளை வைத்துக்கொண்டோம். ஒன்று இண்டெக்ஸிலிருந்து நீக்கி ஒதுக்கிவைத்த பத்திகள். மற்றது, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் உதவியுடன், கேட்டவர்களின் சம்மதம் பெற்று, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதியெடுத்த சில நூறு கேள்விகள். இரண்டையும் அருகருகே வைத்து அளந்தபோது, ஒதுக்கிய பத்திகளுக்குச் சிறிய ஈ.எஃப் மதிப்பே போதுமாக இருந்தது. கமக்காரரின் கேள்விகளுக்கு அதே ரீகோலைப் பெற அதைக் கணிசமாக உயர்த்த வேண்டியிருந்தது. ஐ.வி.எஃப் முறையிலும் அவ்வாறே கூடுதலான கொத்துகளைத் திறந்து பார்க்க நேர்ந்தது. முதல் தொகுப்பை மட்டும் வைத்து அளவுருவைத் தேர்ந்திருந்தால், வரைபடம் அழகாக இருந்திருக்கும், சேவை மெலிந்திருக்கும்.

சரியான விடைத்தாள் என்பதும் தானாக அமைவதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முழுத் தேடலால் உண்மையான நூறு அயல்களைக் கண்டு, தூரங்களோடு சேமித்து வைத்தோம். எல்லாக் காவிகளையும் அலகு நீளத்துக்கு மாற்றிவிட்டால், யூக்ளிட் தூரத்தின் வர்க்கம் 2இலிருந்து கோசைனின் இருமடங்கைக் கழித்ததற்குச் சமமாகும். ஆகவே எந்த அளவையை எடுத்தாலும் வரிசை ஒன்றே. மாற்றாமல் விட்டு, ஒரு நூலகத்தில் உட்பெருக்கத்தையும் இன்னொன்றில் தூரத்தையும் கொடுத்தால், இரண்டு வேறு தேர்வுகளுக்கு ஒரே விடைத்தாளால் புள்ளியிடுவதாகிவிடும். அடுத்தது பிரதிகளின் சிக்கல். துண்டுப்பிரசுரங்கள் போகத்துக்குப் போகம் சிறு மாற்றங்களோடு மறுபடி அச்சாகின்றன. ஒரே பத்தி பல தடவை வரும். பத்தாம் இடத்தில் ஒரே தூரத்தில் நான்கு பத்திகள் நின்றால், அவற்றுள் எதைக் கொடுத்தாலும் சரியே. பத்தியின் அடையாள எண்ணைக் கொண்டு ஒப்பிடும் ரீகோல் அதைப் பிழை என்று கழிக்கும். ஏ.என்.என்-பெஞ்ச்மார்க்ஸ் இதற்காகவே தூரத்தைக் கொண்டு, ஒரு சிறிய சகிப்பளவோடு, சரியா என்று பார்க்கிறது. நாங்களும் அதையே பின்பற்றினோம். அச்சொட்டான பிரதிகளை முன்கூட்டியே நீக்குவது இதைவிட நல்லது. கமக்காரருக்கும் ஒரே பத்தியைப் பத்து முறை காட்டுவதில் நன்மையில்லை.

சில நூறு கேள்விகள் போதுமா என்பதையும் கணக்கிட வேண்டும். கேள்விக்குக் கேள்வி ரீகோல் 0.15 நியமவிலகலோடு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 கேள்விகளின் சராசரியில் நியமவழு, அதாவது தற்செயலால் வரக்கூடிய தடுமாற்றம், ஏறத்தாழ 0.01. அந்த நிலையில் 0.94க்கும் 0.95க்கும் இடையில் வெற்றி தோல்வி பேசுவதற்கு ஒன்றுமில்லை. இதைவிட முக்கியமாகச் சராசரி ஒரு கதையை மறைக்கிறது. 0.95 என்ற சராசரி, எல்லாக் கேள்விகளுக்கும் ஒன்பது அல்லது பத்து அயல்கள் கிடைத்ததாலும் வரலாம். பெரும்பாலானவற்றுக்குப் பத்தும் கிடைத்து, சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காததாலும் வரலாம். சேவையைப் பயன்படுத்துபவருக்கு இவை முற்றிலும் வேறானவை. ஆகவே கேள்வி வாரியாக ரீகோலை எழுதிவைத்து, மிகக் குறைந்தவற்றை வாசித்துப் பார்த்தோம். மிகச் சிறிய கேள்விகளும், இரண்டு பயிர்களை ஒன்றாகக் கேட்ட கேள்விகளும் அங்கே அதிகம் நின்றன.

அப்போது போதனாசிரியர் ஐயா ஒரு விடையைச் சுட்டிக்காட்டினார். “தம்பி, இது ஆகக் கிட்டவா இருக்கெண்டு உங்கட மெசின் சொல்லுது. அந்தாள் கேட்டது மிளகாய்க் கண்டு இலை சுருளுறதைப் பற்றி. இது நெல்லில வாற இலைச்சுருட்டிப் புழுவெல்லோ?” அந்தக் கேள்விக்கு அல்கோரிதத்தின் ரீகோல் 1. முழுத் தேடலும் அதையே முதலிடத்தில் தந்தது. தேடல் முறை தன் வேலையைக் குறையின்றிச் செய்திருந்தது. காவிதான் இரண்டு பாதிப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது. அண்ணளவுத் தேடலின் ரீகோல், முழுத் தேடலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அளக்கும். விடை பயனுள்ளதா என்பதை அன்று. அதன்பின், ஐயா பார்த்துப் பொருத்தமானது, பொருத்தமற்றது என்று குறித்த சிறு பட்டியலையும் தனியாக வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் அளந்துவந்தோம். ரீகோலை 0.95இலிருந்து 0.99க்கு உயர்த்தியபோது அந்தப் பட்டியலில் அசைவே தெரியவில்லை. பயிரின் பெயரைக் கொண்டு முன்கூட்டியே வடிகட்டியபோது நன்றாகத் தெரிந்தது.

வடிகட்டலைப் பற்றி இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பத்து அயல்களை முதலில் எடுத்து, பின்னர் மிளகாய்க்கு உரியவை எவை என்று பார்த்தால், கையில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். சிலவேளை ஒன்றும் மிஞ்சாது. மாறாக, மிளகாய்ப் பத்திகள் மொத்தத்தில் இரண்டு சதவீதம் என்றால் அவை 4,000 மட்டுமே. 4,000 காவிகளுக்குள் முழுத் தேடல் செய்வது ஒரு மில்லிசெக்கனுக்குள் முடியும், விடையும் பிழைக்காது. இந்த எளிய வழியை ஏ.என்.என்-பெஞ்ச்மார்க்ஸின் தரவரிசை முன்னால் நிறுத்துவதில்லை, ஏனெனில் அங்கே வடிகட்டலற்ற தேடலே அளக்கப்படுகிறது.

வேகத்தை அளப்பதற்கு வன்னி ஒரு கடினமான இடம். பகலில் அறை கொதிக்கும். செயலி சூடேறித் தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஓர் அல்கோரிதத்தையும் நண்பகலில் இன்னொன்றையும் ஓட்டி ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது வெயில்தான். மடிக்கணினியில் அளந்தால், மின்சாரம் நின்று மின்கலத்துக்கு மாறும் கணத்திலேயே வேகம் மாறிவிடும். எனவே மேசைக் கணினியை மட்டும் பயன்படுத்தினோம்; செயலியின் வேகத்தை ஒரே நிலையில் நிற்குமாறு கட்டினோம்; எல்லா அல்கோரிதங்களின் எல்லா அளவுருக்களையும் ஒரு பட்டியலாக்கி, எழுமாற்று வரிசையில் கலந்து, பல சுற்றுகள் ஓட்டினோம். ஒவ்வொரு சுற்றிலும் முழுத் தேடலும் ஒருமுறை இடம்பெறும். அதன் நேரம் வழமையிலிருந்து விலகியிருந்தால் அந்தச் சுற்றையே ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். இந்தக் கட்டுப்பாட்டு அளவு இல்லாத எந்த ஒப்பளவீட்டையும் இப்போது நான் நம்புவதில்லை.

இழைகளின் எண்ணிக்கை இன்னொரு பொறி. பைத்தன் நிரல்மொழியில் நம்பை என்னும் கணித நூலகத்தைக் கொண்டு எழுதிய முழுத் தேடல், உள்ளேயுள்ள தாயப் பெருக்க நூலகத்தின் வழியாகச் செயலியின் எல்லாக் கோர்களையும் கேளாமலே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஓடும் எச்.என்.எஸ்.டபிள்யூ ஒரே இழையில் இருக்கும். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பதற்கும் நூறு நூறாகக் கொடுப்பதற்கும் இடையிலும் இதே அளவு வேறுபாடு உண்டு: தொகுதியாகக் கொடுக்கும்போது, நினைவகத்திலிருந்து ஒருமுறை வாசித்த காவியைக் கேஷில், அதாவது செயலிக்குள்ளிருக்கும் சிறிய விரைவு நினைவகத்தில், வைத்தபடியே பல கேள்விகளோடு ஒப்பிடலாம் என்பதால், முழுத் தேடல் பன்மடங்கு விரைவாகும். எமது சேவையில் கேள்விகள் ஒவ்வொன்றாகவே வரும். ஆகவே ஒரே இழை, ஒரே கேள்வி என்ற நிலையில் மட்டும் அளந்து, சராசரி நேரத்தோடு, விரைவானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்தினால் நூறில் தொண்ணூற்றொன்பதாவதாக நிற்கும் கேள்வியின் நேரத்தையும் குறித்தோம்.

மின்வெட்டு இன்னோர் அளவையையும் பட்டியலில் சேர்த்தது. கணினி திரும்ப எழும்பியபின் சேவை முதல் கேள்விக்கு விடை தர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அது. அனோய் தன் கோப்பை நினைவகத்தோடு நேரே பொருத்திக்கொள்வதால் உடனே திறக்கும். ஆனால் பக்கங்கள் வட்டிலிருந்து வந்து சேரும்வரை முதற் கேள்விகள் தாமதிக்கும். எச்.என்.எஸ்.டபிள்யூ முழுவதையும் ஏற்றிய பின்பே தொடங்கும். அமைத்த இண்டெக்ஸைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் நிரல்கள் இங்கே நிலைக்காது. கட்டும் நேரத்தை அளக்கும்போது பல இழைகளில் கட்டிய வலையமைப்பு முறைக்கு முறை சற்று வேறுபடும் என்பதையும், அதனால் ரீகோலும் சிறிது அசையும் என்பதையும் கணக்கில் எடுத்து, ஒரே அளவுருவில் சில இண்டெக்ஸ்களைக் கட்டிப் பார்ப்பது நல்லது.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எமது இரு கேள்வித் தொகுப்புகளிலும் உயர்ந்த ரீகோல் பகுதியில் எச்.என்.எஸ்.டபிள்யூவின் வளைகோடே மேலே நின்றது. ஐ.வி.எஃப் அதற்குக் கீழே இருந்தாலும், விரைவாகக் கட்டப்பட்டது. கொத்துகளின் எண்ணிக்கையைக் காவிகளின் தொகையின் வர்க்கமூலத்தைப்போல் நான்கு மடங்கிலிருந்து தொடங்கச் சொல்லும் ஃபைஸின் வழிகாட்டல், எமக்கு ஏறத்தாழ 1,800 என்று வந்தது. அதிலிருந்து அதிகம் விலக வேண்டியிருக்கவில்லை. பி.க்யூ ஒரு காவியை 96 பைட்டுக்கு, அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு, சுருக்கியது. ஆனால் மூலக் காவிகளைக் கொண்டு மறுபடி வரிசைப்படுத்தாவிட்டால் ரீகோல் தாங்கவில்லை. மூலக் காவிகளையும் வைத்திருப்பதானால் நினைவகத்தில் மிச்சம் பிடிப்பதற்கு ஏதுமில்லை.

சேவையில் இப்போது இயங்குவது முழுத் தேடல். கேள்வியைக் காவியாக்குவதற்கே இந்தக் கணினியின் செயலி, தேடலைவிட அதிக நேரம் எடுக்கிறது. தேடலின் 30 மில்லிசெக்கனை ஒன்றாகக் குறைத்தாலும் கைபேசியில் காத்திருப்பவர் வேறுபாட்டை உணரமாட்டார். பயிர் தெரிந்த கேள்விகளுக்கு வடிகட்டிய பிறகு தேடுவதால் அந்த 30 மில்லிசெக்கனும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எச்.என்.எஸ்.டபிள்யூ இண்டெக்ஸைக் கட்டி, கமக்காரரின் கேள்விகளுக்கு ஏற்ற ஈ.எஃப் மதிப்போடு ஒதுக்கி வைத்திருக்கிறோம். பத்திகளின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டினாலோ, ஒரே நேரத்தில் பலர் கேட்கத் தொடங்கினாலோ அதற்கு மாறலாம். காவியாக்கும் மாதிரியை மாற்றினால் விடைத்தாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதால், கேள்விகளையும் ஐயா குறித்த பட்டியலையும் அளவீட்டு நிரலையும் ஒரே கோப்புறையில், ஒரே கட்டளையில் ஓடக்கூடியவாறு வைத்திருக்கிறோம். காலபோகம் தொடங்கும்போது புதிய கையேடுகள் சேரும். அப்போது அந்தக் கட்டளை மறுபடி ஓடும்.